மேல்தளத்தில் இருப்பவள்

கீழ்த்தளத்தில் சலவை இயந்திரத்திலிருந்து ஈரத்துணியை உருவிக்கொண்டிருந்த சில்யேவின் காதில், மாடியிலிருந்த ஒலிபெருக்கி எப்போதும்போல் இனிமையாகச் சொன்னது விழுந்தது.

"சில்யே வீட்டுக்கு வந்தாச்சு. வாங்க, வாங்க."

காலையிலிருந்து அவள் வாசலைத் தாண்டவே இல்லை.

சிரிப்புத்தான் வந்தது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இந்த வீட்டுச் சாமான்கள் ஐந்துபட்டுக் கிடந்ததில் யாருக்கும் கொண்டாட்டமில்லை, திண்டாட்டம்தான். பூட்டு ஒரு கம்பெனி, விளக்கு ஒரு கம்பெனி, கேமரா, கணப்பு, ஒலிபெருக்கி என்று ஆளுக்கொரு கம்பெனி; ஒன்றின் பேச்சை இன்னொன்று காதில் போட்டுக்கொள்ளாது. கணவன் டோர்ஸ்டைன் மல்லுக்கட்டி, கடலில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பு, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கோத்துவிட்டான். "இனிமே ஒண்ணு பாத்தா எல்லாம் பாத்த மாதிரி" என்று பீற்றிக்கொண்டும் போனான். கோத்த மறுவாரமே உளற ஆரம்பித்துவிட்டது, பார்.

அப்போதுதான் அந்தச் சத்தங்கள் கேட்டன.

மேல்தளத்தின் பின்கதவு மலைச்சரிவைப் பார்த்துத் திறக்கும். அதற்கு வெளியே, கூரை விளிம்புக்கடியில், ஏழு மாத ஆமுண்ட் தள்ளுவண்டியில் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். வடதுருவத்தை ஒட்டிய நார்விக் ஊரில் பிள்ளைகள் பகல் தூக்கத்தைப் பனியில்தான் தூங்கும். தூக்கிக்கொண்டு போக யார் வரப்போகிறார்கள்? டிசம்பர் மாத மதியம், வெளியே நீலம் பாரித்த இருட்டு. அந்தக் கதவு திறந்து மூடும் ஓசை. பூட்ஸைத் தரையில் தட்டிப் பனியை உதிர்க்கும் ஓசை. பிறகு கம்பளியை விலக்கும் சரசரப்பும், தூக்கம் கலைந்த பிள்ளையின் சிணுங்கலும், வீட்டுக்குள்ளே.

அவள் துணியைப் போட்டுவிட்டுப் படியேறி ஓடினாள். கீழ்த்தளத்தில் வாடகைக்கு ஆள் இருந்த காலத்தில் படியின் உச்சியில் ஒரு கதவு வைத்திருந்தார்கள். அவள் கை படுவதற்குள் அது பூட்டிக்கொண்டது. அவள் பக்கத்துக் குமிழ் வெறுமனே சுற்றியது. கீழே இறங்கி வாசல் கதவுக்கு ஓடினாள். அதுவும் பூட்டு. சன்னல்களில், பூட்டோடு சேர்ந்து இயங்கும் இரும்புத் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

கைப்பேசியில் டோர்ஸ்டைனைக் கூப்பிட்டாள்.

"மேலே யாரோ வந்துட்டாங்க! ஆமுண்டைத் தூக்கிட்டாங்க! போலீஸைக் கூப்பிடு!"

"என்னடி உளர்றே? கேமராவுல பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். நீதான் வெச்சிருக்கே."

"நான் கீழே இருக்கேன்!"

"சாம்பல் கலர் கம்பளிச் சட்டை. தலைமுடியை அள்ளிச் சொருகியிருக்கே. விளையாடாதே, சில்யே."

அவள் குனிந்து பார்த்தாள். சாம்பல் கலர் கம்பளிச் சட்டை. கைகள் மட்டும் ஈரம்.

"கேமரா பொய் சொல்லுது!"

"கேமரா மட்டுமா? பூட்டு உன் விரலைப் பாத்துத்தான் திறந்திருக்கு. ஒலிபெருக்கி உன் குரல்னு சொல்லுது. அஞ்சும் ஒரே பேச்சாப் பேசுதே." அவன் குரலில் இப்போது சிரிப்பில்லை. "ஏய், யாரு நீ?"

"ஏதாவது கேளு. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது எதையாவது கேளு."

கடல் காற்றிரைச்சலுக்கு நடுவே அவன் கேட்டான்.

"தேனிலவுல என் பல்லு எதுல ஒடைஞ்சுது?"

வாயைத் திறந்தாள். அதற்குள், மேலேயிருந்து, கைப்பேசியிலும் சேர்ந்து ஒலித்தது அவள் குரல்.

"உலர்மீன்ல. அதுவும் எங்கம்மா குடுத்த உலர்மீன்ல. சொல்லச் சொல்லக் கேக்காம சுத்தியலால தட்டாமலே கடிச்சே."

டோர்ஸ்டைன் பெருமூச்சு விட்டான். "அப்பாடா. சில்யே, கேளு. கீழே யாரோ நுழைஞ்சிருக்காங்க. உன் குரல்ல பேசறாங்க."

"தெரியும். எனக்குப் பயமா இருக்கு," என்றது மேலேயிருந்த குரல்.

"டோர்ஸ்டைன், நான்தான்! நான்தான்டா!" என்று கத்தினாள். கைப்பேசியில் அவள் பேச்சை அணைத்துவிட்டிருந்தது வீடு. அவன் பேசுவது மட்டும் கேட்டது.

"பயப்படாதே. படிக்கதவு பூட்டியிருக்கு. பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்க. போலீஸுக்குச் சொல்றேன். வர்றவரைக்கும் என்ன கெஞ்சினாலும் திறக்காதே."

கைப்பேசி அடங்கியது. கீழ்த்தளத்தில் விளக்குகள் அணைந்தன. கணப்பு ஒருமுறை முனகி நின்றது.

இருட்டில் தவழ்ந்து படியேறினாள். கதவில் அடித்தாள். கை வலித்தது. அடித்தாள். கதவடியில் ஒரு கோடு வெளிச்சம். அதில் இரண்டு பாதங்கள். வெறுங்கால்கள். அசையவில்லை.

நேர் எதிரே. ஒரு பலகை அளவு தள்ளி.

வேற்று ஆள் தொட்டாலே வீல் என்று கத்துகிற பிள்ளை ஆமுண்ட். கதவுக்கு அந்தப்புறம், அவள் தலைக்கு மேலே, ஒரு தோளில் சாய்ந்தபடி கிளுகிளுவென்று சிரித்துக்கொண்டிருந்தான்.