நூறு முறை கேட்ட வண்டி

போட்டிக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. ரோபோ வண்டி அசையவில்லை.

நாரின் நகரில், பள்ளி முடிந்ததும் ஐஸிரெக்கும் பக்கித்தும் சேர்ந்து செய்த வண்டி அது. செல்போன் திரையைத் தொட்டால் நன்றாக ஓடும். ஆனால் அவர்கள் தோழி உல்பனுக்குப் பிறந்ததிலிருந்தே விரல்கள் மடங்கியிருக்கும். கண்ணாடித் திரையில் வழுக்கிவிடும். வீட்டுக் கணினியில் அவள் ஒரு பழைய ஜாய்ஸ்டிக்கை உள்ளங்கையால் தள்ளி விளையாடுவாள். அதில் அவளை யாரும் ஜெயித்ததில்லை.

அதை நேராக வண்டியில் செருகினால் உல்பனும் ஓட்டலாமே என்று ஐஸிரெக்குக்குத் தோன்றியது.

"எனக்கு ஓட்டவெல்லாம் பிடிக்காது. வேடிக்கை பார்த்தாலே போதும்," என்றாள் உல்பன், ஜன்னலைப் பார்த்தபடி. ஆனாலும் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தாள்.

ஐஸிரெக் வண்டியின் மின்பலகையில் ஒரு யூ.எஸ்.பி. துளையைப் பற்றவைத்து, ஜாய்ஸ்டிக்கை அதில் செருகினாள். அதன் விளக்குகூட எரியவில்லை.

"பொம்மைக் குதிரைக்கு லாடம் அடிக்கிறியா?" என்று சிரித்தான் பக்கித்.

மாலையில் வீட்டுக்கு மாமா வந்திருந்தார். தேநீர் ஊற்றுவது ஐஸிரெக்கின் வேலை. அவள் நினைப்பெல்லாம் வண்டியிலேயே இருந்தது.

"ஏய், மாமா கிண்ணம் காலி," என்று அம்மா கிசுகிசுத்தாள். "வந்தவரா வாய் திறந்து கேப்பாரு? நீதான் கேக்கணும்."

ஐஸிரெக் அவசரமாக விளிம்புவரை ஊற்றினாள்.

"ஐயோ! குடிச்சிட்டுக் கிளம்புங்கன்னு சொல்றியா? கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. திரும்பத் திரும்பக் கேளு."

"நான் கிளம்பறதா இல்ல!" என்றார் மாமா. "போர்சோக் பலகாரம் இன்னும் தட்டு நிறைய இருக்கு."

ஐஸிரெக்கின் கை அப்படியே நின்றது. ஜாய்ஸ்டிக்கும் விருந்தாளிதான்! வீட்டில் கணினி அதற்கு மின்சாரம் ஊட்டுகிறது, பேச்சும் கொடுக்கிறது. வண்டியின் பலகையோ இன்னொரு விருந்தாளி மாதிரி சும்மா காத்திருக்கிறது.

காலையில் பேட்டரியிலிருந்து யூ.எஸ்.பி. துளைக்கு ஐந்து வோல்ட் கொடுத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. 'ஏதாவது சொல்லணுமா?' என்று பலகை ஜாய்ஸ்டிக்கிடம் கேட்கும்படி நிரல் எழுதினாள். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளியதும் வண்டி ஒரு சாண் நகர்ந்து நின்றது.

"பலகை ஒரு தடவைதான் கேட்டிருக்கு. நொடிக்கு நூறு தடவை கேக்கணும்," என்றாள்.

"நூறா? எங்கம்மாகூட அவ்வளவு கேக்க மாட்டாங்க!" என்றான் பக்கித்.

நிரலை மாற்றினாள். பலகைக்குக் கிடைத்த பதில்கள் கணினித் திரையில் ஓடின. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஐஸிரெக் ஜாய்ஸ்டிக்கை லேசாகத் தள்ளினாள். இடது!

பக்கித் சிரிக்க மறந்தான். விரல் தடிமன்கூட இல்லாத கம்பிக்குள், சத்தமே இல்லாமல், ஒரு நொடிக்குள் நூறு கேள்வி, நூறு பதில். எத்தனை முறை 'ஒன்றுமில்லை' என்றாலும் பலகை சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

போட்டி அரங்கில் ஐஸிரெக் ஜாய்ஸ்டிக்கை உல்பனின் மடியில் வைத்தாள்.

"ஓட்டறியா?"

"பிடிக்காதுன்னு சொன்னேனே."

"சரி. இப்போ?"

"வேண்டாம்."

"இப்போ?"

உல்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் உள்ளங்கை மெதுவாக முன்னால் சாய்ந்தது. அரங்கின் நடுவே வண்டி புறப்பட்டது, வளைந்தது, தூண்களுக்கிடையே மீன் போல நழுவிப் போனது.

வண்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே உல்பன் உரக்கச் சொன்னாள்:

"பிடிக்காதுன்னு சொன்னது பொய். முதல் நாள்லேருந்தே எனக்கு ஓட்டணும்னு ஆசை."