பதினெட்டாவது பிள்ளை

ஸ்கூல் வேனில் போகிற பிள்ளைகள் மொத்தம் பதினேழு. கம்ப்யூட்டர் திரையின் அடியில் பதினெட்டு என்று இருந்தது.

அவள் விரல் விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பதினேழு பேரையும் அவளுக்கு மனப்பாடம். யாருக்கு வேனில் வாந்தி வரும், எந்தப் பிள்ளை பாதி நாள் பையை மறந்துவிட்டு இறங்கும் என்பது வரைக்கும் தெரியும். ஒரு வேன், ஒரு டிரைவர், வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், இவ்வளவுதான் அவளுடைய தொழில். இதில் ஒரு பிள்ளை கூடுதலாக எங்கிருந்து வரும்?

கம்ப்யூட்டரில் இருந்ததைத் தம்பிதான் செய்து கொடுத்திருந்தான். பெற்றோருக்கு ஒரு பட்டியல், பிள்ளைகளுக்கு ஒரு பட்டியல். ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு எண். அந்த எண்ணைப் பிள்ளையின் பெயருக்கு எதிரே போட்டால் இரண்டுக்கும் நடுவே கோடு விழும். அந்தக் கோட்டுக்கு அந்த மென்பொருள்காரர்கள் வைத்த பெயர் 'உறவு'. "நம்ம வீட்டு விசேஷத்துக்கு எட்டிப் பார்க்காத உறவெல்லாம் இதுலதான் இருக்குதாடா?" என்று அவள் அன்றைக்குக் கிண்டல் செய்தாள். தம்பி சிரிக்கவில்லை. அவனுக்குச் சிரிப்பு எப்போதும் மறுநாள்தான் வரும். முதல் எண்ணை அக்காவுக்கே கொடுத்தான், அவளுடைய மகளும் அதே வேனில் போகிறாள் என்பதால். இரண்டாம் வகுப்பு. பள்ளியில் ஒரு பெயர் இருந்தது, வீட்டில் வாலு.

மணி மூன்றரைதான் ஆகியிருந்தது, ஆனால் மழை மேகம் கவிந்து அறை மங்கலாகி, மேசைக்கடியில் இருந்த யுபிஎஸ் தொண்டை அடைத்தவர் மூச்சு விடுவதுபோல இழுத்து இழுத்து முனகிக்கொண்டிருக்க, எங்கிருந்தோ ஈரத்துணி காயாமல் கிடந்து அடிக்கிற வாடை வந்தது. அவள் எழுந்து பார்த்தாள். அறையில் துணி எதுவும் காயப்போடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, பட்டியலைக் கடைசி வரை இறக்கினாள்.

பதினெட்டாவது வரி. பெயர்க் கட்டம் காலி. பெற்றோர் எண் காலி. வயது, ஏழு. குறிப்பு: நனைந்திருக்கிறது.

அதை அவள் அடிக்கவில்லை. அவளைத் தவிர அந்த விசைப்பலகையைத் தொடுகிறவர் யாரும் இல்லை. மழை இன்னும் விழவே ஆரம்பிக்கவில்லை.

பெற்றோர் எண் இல்லாத பிள்ளை ஒன்று இருந்தாலும் பிள்ளைகளை வீட்டில் இறக்கும் அன்றைய பட்டியல் வெளியே வராது. தம்பி அப்படிப் பூட்டி வைத்திருந்தான். மூன்றே முக்காலுக்குள் பட்டியல் டிரைவரின் போனுக்குப் போயாக வேண்டும். அவரோ பட்டியலில் இருந்தால் யானையையும் ஏற்றுவார், இல்லாவிட்டால் சொந்த மாமியாரையும் ஏற்றமாட்டார். அவள் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

'இந்தப் பதிவை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்.'

தம்பிக்குப் போன் போட்டாள்.

"வேறொருவரா? இருக்கிறதே ஒரு கம்ப்யூட்டர். மூடிட்டுத் திறந்து பாருக்கா."

மூடித் திறந்தாள். வரி அங்கேயே இருந்தது. குறிப்பு மட்டும் மாறியிருந்தது: குளிர்கிறது.

"டேய், இது தானா எழுதுதுடா."

"நீயே எப்பவாவது அடிச்சிருப்ப. இப்போதைக்கு ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு லிஸ்ட்டை அனுப்பு. அப்புறமா நான் வந்து பாக்கறேன்."

"யார் நம்பரைப் போட?"

"உன் நம்பரையே போடேன். வேற வீட்டு நம்பரைப் போட்டா டிரைவர் அவங்க வாசல்ல போய் ஹாரன் அடிச்சிட்டு நிப்பார்."

நியாயம்தான். எந்தத் தலையிலும் சேராததைத் தற்காலிகமாகத் தன் தலையில் போட்டுக்கொள்வது அவள் எப்போதும் செய்கிற வேலைதான். முகவரி தெரியாத பை, ஜோடி இல்லாத ஷூ எல்லாம் அவள் வீட்டுக்குத்தான் வரும். கட்டத்தில் 1 என்று அடித்தாள். என்டர் தட்டுமுன்பே கோடு விழுந்துவிட்டது. குறிப்பு அழிந்து வெள்ளையாயிற்று, ஈர வாடையும் சட்டென்று நின்றது. பட்டியல் போனது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

மழை பிடித்துக்கொண்டது. நாலேகாலுக்கு மனசு கேட்காமல் 'பெற்றோர் இல்லாதவை' என்ற பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். காலியாக வரவேண்டும்.

ஒரு வரி வந்தது.

மகளின் பெயர். எண் இருந்த இடம் காலி.

1 அடித்தாள். கீச்சென்று ஒரு சத்தம். 'இந்த எண் வேறொரு பிள்ளைக்கு உரியது.' ஒரு எண்ணுக்கு ஒரு பிள்ளைதான் என்று எந்த விதியும் கிடையாது. பதினாலாம் எண்ணில் இரட்டைப் பிள்ளைகள் இருந்தன, இரண்டும் ஒழுங்காக. மறுபடி அடித்தாள். கீச். பதினெட்டாவது வரிக்குப் போய் தன் எண்ணைப் பிடுங்கப் பார்த்தாள். வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். டிரைவருக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஓட்டும்போது அவர் போனை எடுக்கமாட்டார். அதைச் சொல்லித்தான் இவளே தாய்மார்களிடம் பெருமையடித்து வந்தாள்.

மகளின் வரியில் குறிப்பு முளைத்தது. ஒவ்வோர் எழுத்தாக. அம்மாவைத் தேடுகிறது.

பிறகு பெயர் குறைந்தது. கடைசி எழுத்து. அதற்கு முந்தியது.

வாசலில் ஹாரன்.

செருப்பில்லாமல் ஓடினாள். மழை முகத்தில் அறைந்தது. டிரைவர் வேனின் பக்கக் கதவைத் தள்ளித் திறந்து, உள்ளே பார்த்து, "எறங்கு கண்ணு, அம்மா நிக்கிறாங்க பாரு" என்றார்.

மூன்றாவது வரிசையில் மகள் எழுந்து நின்றாள். அவளைத்தான் சொல்கிறார். அவளைத்தான். அம்மா கையை நீட்டினாள்.

நீட்டிய கைக்குள் வேறொரு கை வந்து புகுந்தது. சின்னக் கை. எலும்புவரை ஈரம்.

அவள் குனியவில்லை. குனிந்தால் முகம் தெரியும். மகளைப் பார்த்தே கூப்பிட வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. பள்ளிப் பெயரும் வரவில்லை, வீட்டுப் பெயரும் வரவில்லை. நாக்கு நுனியில் இருந்தது. இருந்தது. இல்லை.

"அம்மா! நான் எறங்கணும்!"

டிரைவர் போனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "ஏம்மா, இதுவும் உங்க பிள்ளையா? லிஸ்ட்ல உங்களுக்கு ஒண்ணுதானே போட்டிருக்கு?"

பிள்ளையா என்றதற்கு ஆமா என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. கைக்குள் இருந்த கை மெல்ல இறுகியது.

"ஒண்ணுதான்" என்றாள்.

"அதானே பாத்தேன். உக்காரு பாப்பா. உன் வீடு எதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

கதவு இழுபட்டு மூடியது. வேன் நகர்ந்தது. பின்கண்ணாடியில் ஒரு சின்னப் பெண் வந்து ஒட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை அடித்தாள். வாய் ஒரே வார்த்தைக்குத் திறந்து மூடியது. திறந்து மூடியது. சத்தம் வெளியே வரவில்லை.

அவள் அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று தெரியவில்லை.

இடுப்புக்குக் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. "யாரும்மா அது?"

வேன் தெருமுனையில் திரும்பும்வரை அவள் பார்த்தாள்.

"தெரியலையே, கண்ணு" என்றாள்.