இயக்குநருக்குப் பணிந்த எலக்ட்ரான்கள்

மனிதகுல வரலாற்றை இரண்டாகப் பிளந்துவிடும் தருணங்கள் சில உண்டு. ஆய்வுக்கூட இயக்குநர், அடுக்குப் படிகமொன்றில் எலக்ட்ரான்களை ஒரே பக்கமாகச் சுழலவைத்தது அப்படியொரு தருணம் என்று பாராட்டுரை சொன்னது. பாராட்டுரையை எழுதியவர் இயக்குநர். அவர் அறையை விட்டு வெளியேறினால் எலக்ட்ரான்களும் கலைந்துவிடும் என்பது மட்டும் அதில் இல்லை.

"நான்தான் படிகத்தைக் கெடுத்துட்டேனாம் சார். சாயங்காலம் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணுமாம். இல்லன்னா ஆராய்ச்சியை விட்டே போகணுமாம்," என்றாள் ஆய்வு மாணவி, துப்பறிவாளர் காட்டிய நாற்காலியில் உட்காராமலே. "கேக்க மாட்டேன்."

துப்பறிவாளர் சாவகாசமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "எந்த இடத்துல இடிக்குதும்மா?"

"படிகம் காகிதக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். முறுக்கின ஒளியை அதுமேல பாய்ச்சினா எலக்ட்ரானோட சுழற்சி ஒரு பக்கமா சாயும். ஒளியை எதிர்ப்பக்கம் முறுக்கினா சாய்வும் மாறணும். இயக்குநர் காட்டும்போது மாறவே இல்ல. ஏன்னு கேட்டேன். அதுதான் என் குத்தம்."

"சதி, அத்தான்! வெளிநாட்டுச் சதி!" என்று துள்ளினான் துப்பறிவாளரின் மைத்துனன். போன வாரம் பூனை காணாமல்போன வழக்கிலும் அவன் அதைத்தான் சொன்னான்.

சாயங்காலம் மாணவியின் மன்னிப்பைக் காதால் கேட்க ஆய்வுக்கூடமே திரண்டிருந்தது. ஆட்சிக்குழுத் தலைவி முன்வரிசையில் இருந்தார். இயக்குநர் கருவிமேல் வயிறு அழுந்தக் குனிந்தார். திரையில் சுழற்சியின் சாய்வைக் காட்டும் கோடு ஜம்மென்று எழும்பியது.

"எலக்ட்ரானுக்கும் ஆள் தராதரம் தெரியும்," என்றார் அவர்.

மைத்துனன் அவரைத் தலைமுதல் கால்வரை அளந்தான். பளபளக்கும் காலணி. நின்றுபோன கைக்கடிகாரம். தொப்புளுக்கு மேல் சட்டையில் ஒரு சின்னத் திருகாணி. புதுமாதிரிப் பொத்தான் போல என்று அதை விட்டுவிட்டான்.

"ஒளியை மாத்தி முறுக்கும்மா," என்றார் துப்பறிவாளர். அவள் முறுக்கினாள். கோடு அசையவில்லை.

"ஐயா, நாலு எட்டு பின்னால வாங்க."

இயக்குநர் நகர்ந்தார். கோடு பொத்தென்று விழுந்தது. மாணவி மறுபடி முறுக்கினாள். குட்டியாக ஒரு கோடு மேலே போனது. திருப்பி முறுக்கியதும் கீழே வந்தது.

"சின்னதுதான்," என்றாள் அவள். "ஆனா இதுதான் நிஜம்."

"ஒளியால வந்த சாய்வு ஒளி சொன்ன பேச்சைக் கேக்கும்," என்றார் துப்பறிவாளர். "காந்தத்தால வந்தது கேக்காது. கடிகாரத்தை நிறுத்தினதும் அதுதான். சட்டையில திருகாணியை ஒட்டவச்சதும் அதுதான். உள்ள என்ன கட்டியிருக்கீங்க?"

அதைப் பொத்தான் என்று நினைத்த மைத்துனன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அது என் தனிப்பட்ட விஷயம்!" என்று சீறினார் இயக்குநர்.

"என்னை மட்டும் பொதுவுல மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்களே?" என்றாள் மாணவி.

தலைவி எழுந்தார். "அவ ஒண்ணும் கேக்க வேண்டாம். அவ ஆராய்ச்சி தொடரும். நீங்க சட்டையைத் தூக்குங்க."

உள்ளே இருந்தது காந்தப் பட்டை. தொந்தி கரையும் என்று தொலைக்காட்சி விளம்பரத்தில் சொன்னதை நம்பி அவர் வாங்கியது.