நீக்கிய கருத்துக்கு வந்த பதில்

“நீங்க யாரு? எங்கேருந்து எழுதுறீங்க?”

இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஜெனலினிடம் சொல்லியிருந்தார்கள். தொடர் பார்க்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதுவார்கள். நல்லதென்றால் விடு, வம்பென்றால் நீக்கு, ஆளை மட்டும் விசாரிக்காதே. அவள் விசாரித்துவிட்டாள். தட்டச்சுப் பலகையிலிருந்து எடுத்த விரல்கள் ஜில்லென்றிருந்தன.

இணையத்தில் வந்த ஆறு பாகத் தொடர் அது. தெளிந்த கடலில் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். காலத்தில் விழுந்த ஓட்டை ஒன்று அவற்றை விழுங்குகிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பார்கள். நாடே பார்த்தது. ‘கிராபிக்ஸ் பிரமாதம்’, ‘நாலாவது பாகம் ஒரே இழுவை’, ‘கேப்டனுக்கு ஒட்டின தாடி எனக்கே தெரியுது’ என்று வந்து குவிந்தவற்றையெல்லாம் இலோய்லோ துறைமுக நகரின் இந்த மூன்றாம் மாடி அலுவலகத்தில் உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவளுக்குக் கிடைத்த வேலை இதுதான்.

அந்தக் கருத்துகளுக்கு நடுவே ஒன்று அக்கா ரோவேனா எழுதியது. ‘என் புருஷன் போன கப்பலும் இப்படித்தான் காணாமப் போச்சு. உயிரோட இருக்காரா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். தெரிஞ்சவங்க பதில் போடுங்க.’

நிஜ விபத்தைப் பற்றிய பேச்சு தொடரின் கீழே வரக்கூடாது என்பது உத்தரவு. ஜெனலினே அதை நீக்கினாள். நீக்கினால் எழுதியவருக்கு மட்டும் அது இருப்பதுபோலவே தெரியும். அலுவலகத்துக்கு வெளியே வேறு யார் கண்ணிலும் படாது. ஒரு மாதமாக ரோவேனா சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். “ஒருத்தரும் பதில் போடலியே இந்தாய்,” என்பாள். வீட்டில் இளையவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஜெனலின் குழம்பைக் கிளறிக்கொண்டே, “போடுவாங்க மனாங்,” என்று அக்காவைத் தேற்றுவாள். ஒவ்வொரு ராத்திரியும்.

யாருக்கும் தெரியாத அந்தக் கருத்துக்குக் கீழே இன்று மத்தியானம் ஒரு பதில் வந்திருந்தது.

‘முதல் பாகத்துல இன்ஜின் சட்டுனு நிக்குது. அப்படி நிக்காது. முதல்ல காலுக்கடியில நடுக்கம் நிக்கும். சத்தம் அப்புறமும் கேட்டுக்கிட்டே இருக்கும்.’

யாரோ மாலுமி என்று நினைத்தாள். இந்த ஊரில் வீட்டுக்கு ஒரு மாலுமி. நீக்கிய கருத்துக்குள் அவன் எப்படி நுழைந்தான் என்பதுதான் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது.

‘தண்ணிய கறுப்பா காட்டுறாங்க. கறுப்பு இல்ல. அங்க நிறமே கிடையாது.’

வெளியே புயல் எச்சரிக்கை. பகலிலேயே இருட்டிவிட்டதால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காலி நாற்காலிகளுக்கு மேலே குளிர்சாதனம் யாருக்காகவோ ஊதிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய் ஓடத் தொடங்கிய ஜெனரேட்டரின் அதிர்வு தரைவிரிப்பு வழியாக ஏறி, செருப்பைத் துளைத்து, முழங்கால்வரை வந்து முணுமுணுத்தது. ஈரத் துணியும் பழைய டீசலும் கலந்த வாடை ஒன்று எங்கிருந்தென்று சொல்ல முடியாமல் அறையில் பரவிக்கொண்டிருந்தது. மூன்றாவது பதில் அப்போதுதான் வந்தது. அதைப் படித்துத்தான் அவள் கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

‘வழியனுப்புற சாப்பாட்டுக் காட்சி சுத்தப் பொய். பாதிச் சாப்பாட்டுல ஒருத்தன் எழுந்து கப்பலுக்குப் போறான், யாரும் தட்டைச் சுத்தி வைக்கல. எங்க வீட்டுல சுத்தினாங்க. ஒருத்தி மட்டும் சுத்தல.’

பன்றிக்கறியும் துவரையும் பலாக்காயும் போட்ட குழம்பு, அக்கா புருஷன் டெல்ஃபின் கப்பலுக்குக் கிளம்பிய அன்று. வேன் சீக்கிரமே வந்து ஹாரன் அடித்தது. டெல்ஃபின் கை கழுவி எழுந்ததும் அம்மாவும் ரோவேனாவும் தங்கள் தட்டுகளை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார்கள். பயணம் போகிறவனுக்கு வழியில் ஆபத்து வராமலிருக்க எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஜெனலின் மட்டும், “நான் படிச்சவ. தட்டைச் சுத்தினா கப்பல் முழுகாதா?” என்றாள். அவர் சிரித்தார். அவளைப் படிக்க வைத்ததே அவர்தான்.

அந்த மேசையில் இருந்தது நாலே பேர். மூவர் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. நாலாமவர் கடலில்.

திரையில் அவள் கேள்விக்குக் கீழே புள்ளிகள் துடித்தன. யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

‘உனக்குத் தெரியும் இந்தாய்.’

கண்காணிப்பாளர் ஆர்னெல் கையில் நூடுல்ஸ் கோப்பையோடு வந்து நின்றார்.

“என்னம்மா, மூஞ்சி மாவு மாதிரி இருக்கு? கடைசிப் பாகம் அவ்ளோ பயமா?”

“சார், இதைப் படிங்க.”

அவர் குனிந்து பார்த்தார். உறிஞ்சினார். மறுபடி பார்த்தார்.

“எதை? உங்க அக்கா எழுதினது மட்டும் மொட்டையா நிக்குது. அதைத் தோண்டிப் பார்க்காதேன்னு எத்தனை தடவ சொல்றது? பட்டதாரின்னு பேரு, புத்தி மட்டும் மீன் சந்தையில.”

“அதைத் திரும்பப் போடணும் சார்.”

“போட்டா உன் சீட்டு கிழியும்.”

அவர் போய்விட்டார். திரையில் அடுத்த வரி வந்துகொண்டிருந்தது.

‘அஞ்சாம் பாகம் மட்டும் சரியா எடுத்திருக்காங்க. ஒரு ஆள் ஏறினா ஒரு ஆள் இறங்கலாம்.’

காலுக்கடியில் அதிர்வு நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருந்தது. தரை செத்துக் கிடந்தது. கையை மேசையில் அழுத்தினாள். ஒன்றுமில்லை. சுவரில் அழுத்தினாள். ஒன்றுமில்லை. டீசல் வாடை. உப்பு. தரைவிரிப்பின் ஈரம் செருப்பில் ஏறி, கால்விரல்களுக்கிடையில் பிசுக்கென்றது.

‘நான் கேக்கல இந்தாய். தொடர் எப்படி இருக்குன்னுதான் சொல்றேன்.’

கேட்டிருந்தால் மறுத்திருப்பாள். அவர் எப்போதும் கேட்டதில்லை. கல்லூரிக்கு அனுப்பியபோதும் பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதம். முப்பது ராத்திரி. போடுவாங்க மனாங், போடுவாங்க.

அக்காவின் கருத்தைத் திரும்பப் போட்டாள். ஒரே ஒரு அழுத்து. நீக்கும்போதும் அவ்வளவுதான் ஆயிற்று. அதன் கீழே எழுதினாள்:

‘நான் ஏறுறேன்.’

புள்ளிகள் நின்றன. போன் அடித்தது. ரோவேனா. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“இந்தாய், டெல்ஃபின் வந்துட்டாருடி! கேட்டுக்கு வெளியில நிக்கிறாரு. கூப்பிட்டா உள்ள வரமாட்டேங்குறாரு.”

“நனைஞ்சிருக்காரா?”

“அதான்டி புரியல. இங்க மழை கொட்டுது, அவரு மேல ஒரு துளி படல. ஆனா அவருகிட்டேருந்து தண்ணி ஓடிட்டே இருக்கு, சட்டைக்குள்ளேருந்து, வாய்லேருந்து... ரோட்டையே பார்க்குறாரு. யாரோ எங்கயோ போய்ச் சேரணும்னு காத்திருக்குற மாதிரி. நீ எப்ப வர்ற?”

“துண்டு எடுத்து வை மனாங். பயப்படாதே.”

போனை மேசையிலேயே வைத்தாள். அடையாள அட்டையைக் கழற்றி அதன் மேல் வைத்தாள். “எங்க கிளம்பிட்ட? ஷிஃப்ட் முடியல!” என்று ஆர்னெல் கத்தியது எங்கோ கேட்டது. அவள் கதவைத் தள்ளி, படி இறங்கி, தெருவுக்கு வந்தாள். வீட்டுப் பக்கம் போகும் கடைசி ஜீப்னி வண்டி அவளுக்காக வேகம் குறைத்தது. அவள் கையசைத்து அனுப்பிவிட்டாள்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் தோளில் ஒரு துளிகூட விழவில்லை.

ஆற்றுமுகத்தில் படகுகளையெல்லாம் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அவற்றுக்குப் பின்னால், அவ்வளவு பெரிய கப்பல் நுழையவே முடியாத இடத்தில், ஒரு விளக்குமில்லாமல் அது நின்றது. ஏணி இறங்கியிருந்தது. படிக்கு ஒருவராக ஆட்கள் கைப்பிடியோடு ஒட்டி ஒதுங்கி நின்று, அவளுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெனலின் நடையை நிறுத்தவில்லை.