புள்ளிகள் எங்கே போயின?

அண்ணன் வாங்கிவந்த இரண்டு கடல்மீன்களும் சமையலறை மூலையில் தனித் தொட்டியில் இருந்தன. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். புது மீனுக்கு நோய் இருந்தால் கூடத்துப் பெரிய தொட்டிக்கும் பரவிவிடும். அங்கே அம்மாவின் செல்லமான கோமாளி மீன் இருந்தது. வயதாகிவிட்டதால் அதற்குக் 'கிழவனார்' என்று பெயர்.

ஒரு காலை, இரண்டு மீன்களின் உடம்பிலும் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

மணல் ஒட்டியிருக்கும் என்றான் அண்ணன். தொட்டியில் மணலே இல்லையே என்றாள் தங்கை குட்டி.

மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். அது வெண்புள்ளி நோய், பொடிப் பூச்சிகள் தோலுக்குள் புகுந்து தின்கின்றன என்றார் அவர். மருந்தும் கையிருப்பில் இல்லையாம். அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். மீன்கள் இரையைத் தொடாமல், மூச்சிரைக்க மூலையில் ஒதுங்கின. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு நாளில் புள்ளிகள் காணாமல் போயின. அண்ணனுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. மீன்களைப் பெரிய தொட்டிக்கு மாற்ற வலையை எடுத்தான்.

குட்டி வலையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பூச்சியெல்லாம் எங்கண்ணா போச்சு?"

"செத்திருக்கும்."

"நாமதான் மருந்தே போடலையே. அது எதுக்குச் சாகணும்?"

அண்ணன் மறுபடி போன் போட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் வாடியது. வயிறு நிறைந்த பூச்சிகள் உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளுமாம். சில நாளில் ஒன்று நூறாகப் பெருகி மீனைத் தேடி வருமாம்.

குட்டி யோசித்தாள். போனருகே வந்து கேட்டாள்: "அது தேடி வர்றப்ப மீன் அங்க இல்லன்னா?"

அப்படியும் ஒரு வழி உண்டு, ஆனால் சில பூச்சிகள் இன்னும் தோலுக்குள் இருக்கும், ஒரு முறை தொட்டி மாற்றினால் போதாது, பாடு அதிகம் என்றார் கடைக்காரர்.

அன்றே தொடங்கினார்கள். வேறொரு தொட்டியில் புது உப்புநீர் கலந்து மீன்களை மாற்றினார்கள். பழையதைக் கழுவி வெயிலில் காயவைத்தார்கள். மூன்று நாள் முடிவதற்குள் மறுபடி மாற்றினார்கள். அப்படியும் புள்ளிகள் வந்தன. இரண்டாம் முறை மாற்றிய அன்று மஞ்சள் மீன் செத்துப்போனது.

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். "விடு குட்டி. அதுவும் போயிடும்."

குட்டிக்கும் அப்படித்தான் தோன்றியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "அது இன்னும் மூச்சு விடுதுண்ணா. வாளி கனமா இருக்கு. ஒரு கை பிடி."

அவன் எழுந்து வந்தான். மறுபடி மாற்றினார்கள். அதற்கப்புறமும் மாற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகள் குறைந்து, பிறகு வராமலே நின்றன.

ஒரு மாலை, குட்டி போட்ட இறால் துணுக்கை நீல மீன் கவ்வியது, துப்பியது, மீண்டும் கவ்வி விழுங்கியது. பிறகு கண்ணாடி அருகே வந்து நின்றது. அண்ணன் இன்னொரு துணுக்கைக் குட்டியின் கையில் வைத்தான்.