வாலில் படிந்த பனி

காலை ஏழேமுக்காலுக்குத் தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் கோவை விமானத்தில் ரெஜினா மச்சாடோவின் வேலை ஒரே ஒரு சொல்தான். விமானத்தை ஓட்டுவது வலவன் என்ற இயந்திரம். தரைக்கு இருநூறு அடி மேலே வந்ததும் அது, "இறங்கவா?" என்று கேட்கும். ரெஜினா, "இறங்கு" என்பாள். பதினோரு வருடமாக அப்படித்தான்.

அவளைப் போன்றவர்களுக்கு இசைவாளர் என்று பெயர். முன்னால் மனிதர் இல்லாத விமானத்தில் ஏறமாட்டோம் என்று மக்கள் அடம்பிடித்தபோது வந்த ஏற்பாடு அது. விழுந்தால் கூடவே விழ ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

அன்று மார்கழி. வெயிலைத் தணிக்க மேல்வானத்தில் வெண்தூள் தூவத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. கோடை அடங்கியது உண்மைதான். ஆனால் குளிர்காலத்தில் கொங்குநாட்டு மேகங்கள் பொல்லாதவையாகிவிட்டன. இறக்கை பட்டதும் அவற்றின் நீர்த்துளிகள் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். கீழே மூடுபனி வேறு. கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் துணி போர்த்தியதுபோல எதுவும் தெரியவில்லை. தரையிலிருந்து வரும் வானொலிக் கற்றையைப் பிடித்துக்கொண்டு வலவன் இறங்கிக்கொண்டிருந்தது.

மடல்கள் பாதி இறங்கின. இறக்கையின் பின்விளிம்பிலிருந்து தாழ்ந்து வேகத்தைக் குறைப்பவை அவை. அப்போதுதான் ரெஜினாவின் கையில் கட்டுப்பாட்டுத் தண்டு நடுங்கியது. தூண்டிலில் மீன் கடித்துப் பார்ப்பதுபோல லேசான நடுக்கம்.

"வலவா, வாலில் பனி இருக்கிறதா?"

"வால் உணரிகள் சுத்தம் என்கின்றன. பனிநீக்கி வேலை செய்கிறது. ஓடுபாதை ஈரம் என்பதால் நாற்பது நொடியில் மடல்களை முழுக்க இறக்குகிறேன்."

மறுபடியும் நடுக்கம். தண்டு கனமில்லாமல் தானாக முன்னால் சாயப் பார்த்தது. வாலில் பனி இருந்து, மடல்களையும் முழுக்க இறக்கினால், வால் பிடிமானத்தை இழக்கும். மூக்கு கவிழும். இந்த உயரத்தில் கவிழ்ந்தால் நிமிர்த்த இடமில்லை.

இசைவாளர் மறுக்கலாம், மறுத்தால் வலவன் பணியும். ஆனால் இறங்கியதும் தணிக்கையாளர் வந்து காரணத்தைத் தேடுவார். கிடைக்காவிட்டால் அன்றோடு இருக்கை போய்விடும். இயந்திரத்தின் பிழையைவிட மனிதரின் பயமே அதிகம் பேரைக் கொன்றது என்று சட்டம் எழுதியவர்கள் சொன்னார்கள். அதில் பொய்யும் இல்லை.

பின்னால் முப்பத்தெட்டுப் பேர்.

"மறுக்கிறேன். மடல்களை ஏற்று. மேலே போ."

"ஏற்றுகிறேன்" என்றது வலவன். குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. மடல்கள் உள்ளே போனதும் தண்டு அடங்கியது.

"அடுத்து எங்கே? பெங்களூரில் தரையிலேயே ஒரு டிகிரிதான். வாலில் பனி இருந்தால் கரையாது. தணிக்கையில் உங்களுக்குச் சான்றாகும். வழி முழுவதும் குளிர்மேகம். திருச்சியில் வானம் தெளிவு, இருபத்திரண்டு டிகிரி, நீளமான ஓடுபாதை. ஆனால் கரைந்துவிடும்."

ரெஜினா வெளியே இருந்த வெள்ளையைப் பார்த்தாள். பெங்களூருக்குப் போகும் வழியில் இன்னும் எவ்வளவு பனி ஒட்டும் என்று யாருக்குத் தெரியும்?

"திருச்சி. மடல்கள் பாதிக்கு மேல் வேண்டாம்."

கரூருக்குக் கிழக்கே வெயில் வந்தது. இருநூறு அடியில் வலவன் வழக்கம்போலக் கேட்டது. அவளும் வழக்கம்போலச் சொன்னாள். சக்கரங்கள் மெத்தென்று தரையைத் தொட்டன.

தணிக்கையாளர் கோபிநாதன் ஏணி போட்டு ஏறி வாலைத் தடவிப் பார்த்தார். கையெல்லாம் தண்ணீர்.

"ஈரமாத்தான் இருக்கு."

"பனி கரைஞ்ச தண்ணி சார்."

"மேகத்துக்குள்ள வந்த விமானம் ஈரமா இல்லாம எப்படிம்மா இருக்கும்?" கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தண்டு நடுங்கினது பதிவுல இருக்கு. காத்துன்னு வலவன் சொல்லுது. நீங்க பெங்களூருக்குப் போயிருந்தா பனி அப்படியே ஒட்டியிருக்கும். நானும் எழுதிக் கொடுத்திருப்பேன்."

"போய்ச் சேர்ந்திருந்தா, சார்."

அவர் படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, தோளில் இருந்த இசைவாளர் பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

கோவைக்குப் பேருந்து ஏற்பாடாகியிருந்தது. வீடு அங்கேதான் என்பதால் அவளும் பயணிகளோடு ஏறினாள். ஜன்னலோரம் இருந்த பெரியவர் பையை மடியில் வைத்து இடம் விட்டார்.

"உக்காருங்க அம்மிணி. உங்களுக்கும் வேலை கெட்டுப் போச்சுங்களா?"

"ஆமாங்க."

"முன்னால உக்காந்திருந்த ஆளு பயந்துக்கிச்சாமா. அஞ்சு நிமிசத்துல எறங்கியிருக்கலாம். இனி அஞ்சு மணி நேரம் இதுல குலுங்கோணும்."

ரெஜினா தலையை மட்டும் ஆட்டினாள். ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ? அதை இனி யாராலும் சொல்ல முடியாது, அவளாலும்.

பேருந்து கிளம்பியது. பெரியவர் கைப்பேசியில் மகளிடம் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். "சாயங்காலம் ஆயிருஞ் சாமி. எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கறேன். பாப்பாவைத் தூங்க வெச்சிராத, நான் வந்து பாக்கோணும்." முன்இருக்கையிலும் யாரோ வீட்டுக்குப் பேசினார்கள். பின்னால் இரண்டு பெண்கள் எதற்கோ சிரித்தார்கள்.

ரெஜினா கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு குரலாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.