கேப்டன் புறமுதுகு காட்டமாட்டார்!

போன் அடித்தது!

அக்காவின் கையில் கத்தரிக்கோல். சுழல் நாற்காலியில் பாதி முடி வெட்டப்பட்ட ஒரு குண்டு ஆசாமி. தோளில் போனை இடுக்கிக்கொண்டாள்.

"சொல்லுடா தம்பி..."

"அக்கா... சிற்பி செத்துட்டான்க்கா!"

"என்னடா உளர்ற?"

"சுத்தியலால மண்டையில அடிச்சு... போலீஸ் என்னைப் பிடிச்சுட்டு வந்திருக்காங்க. நான்தான்னு சொல்றாங்க! அக்கா, சத்தியமா நான் இல்ல..."

லைன் அறுந்தது.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே போட்டாள்.

"மேடம், இந்தப் பக்கம் பாக்கி..." என்றார் குண்டு ஆசாமி.

"தொப்பி போட்டுக்கோங்க!"

ஓடினாள்.

* * *

இன்ஸ்பெக்டர் அதிர்ந்து பேசாத மனிதர். மெல்லிய குரல்.

"உக்காருங்கம்மா. உங்க தம்பி ஒரு சங்கத்துல இருக்கான். தெரியும்ல?"

தெரியாமல் என்ன? அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இருபது வருடமாக அதே ராமாயணத்தைக் கேட்டவள். 'விண்பருந்து' என்று ஒரு பழைய டி.வி. தொடர். அதில் ஒரு விண்கப்பல். அந்த இல்லாத கப்பலில், இல்லாத கேப்டனுடைய நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்று அடித்துக்கொள்ள ஒரு சங்கம்!

கப்பலின் மூக்கில் என்பவர்கள் மூக்குக் கட்சி. நடு வயிற்றில் என்பவர்கள் வயிற்றுக் கட்சி.

"செத்துப்போனவன் மூக்குக் கட்சிக்குத் தலைவன்" என்றார் இன்ஸ்பெக்டர். "விளம்பரப் பலகை செய்யிறவன். ஆறடி நீளத்துக்கு அந்தக் கப்பலைச் செஞ்சுட்டு இருந்தான். இந்த ஊர்ல வயிற்றுக் கட்சின்னா உங்க தம்பி ஒருத்தன்தான். போன வாரம் சிற்பி ரூம்லேர்ந்து இணையத்துல நேரடி விவாதம். 'உன் மண்டையை உடைக்கிறேன்டா'ன்னு உங்க தம்பி கத்துறான். நாலாயிரம் பேர் கேட்டிருக்காங்க. சொன்ன மாதிரியே உடைச்சிருக்கான்."

"சின்ன வயசுலேர்ந்து சிநேகிதங்க சார்! தினம் கத்துவாங்க, தினம் ஒரே தட்டுல சாப்பிடுவாங்க..."

"கொன்னதோட நிக்கல. மூக்குல இருக்க வேண்டிய நாற்காலி இப்ப வயித்துல இருக்கு. ஜெயிச்சுட்டேன்னு காட்டிட்டுப் போயிருக்கான்." பெருமூச்சு விட்டார். "எனக்கு இந்தக் கண்றாவியெல்லாம் புரியாதும்மா. அந்தத் தொடரை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்ல. சாயங்காலம் கோர்ட்ல நிறுத்துறேன். கொலைக் கேஸு. ஆயுசு பூரா உள்ளதான்."



கம்பிக்குப் பின்னால் தம்பி அழுது அழுது முகம் வீங்கி நின்றான்.

"நேத்து போன் பண்ணான்க்கா. 'வாடா, உனக்கு ஒண்ணு காட்டணும்'னான். நான் வீம்புக்குப் போகல. போயிருந்தா அவன் உயிரோட இருந்திருப்பான்க்கா..."

"அழாதே. சாயங்காலத்துக்குள்ள உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை! இன்ஸ்பெக்டரிடம் வந்தாள்.

"சார்... சிற்பி செத்த ரூமை நான் ஒரு தடவை பார்க்கணும்."

கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

"வாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

* * *

மூன்றாவது மாடியில் சிற்பியின் பட்டறை. சங்கத் தலைவரான பல் டாக்டர் வராந்தா பெஞ்சில் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள்.

உள்ளே பெயின்ட் வாடை. தரையில் சாக்பீஸ் கோடு, காய்ந்த கறை. அக்கா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

நடு மேஜையில்... விண்பருந்து!

சாம்பல் நிறம். கூரான மூக்கு. வயிற்றில் ஒரு பக்கம் திறந்திருக்க, உள்ளே குட்டிக் குட்டி அறைகள். அதன் நடுவில், ஒரு குண்டூசி மேல் சுழலும்படி, கட்டைவிரல் உயரத்துக்குக் கேப்டனின் நாற்காலி.

வாசலில் இன்ஸ்பெக்டர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா குனிந்து பார்த்தாள். நாற்காலியே அவள் பிழைப்பு. வாடிக்கையாளர் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார் என்பதைத்தான் அவள் கண் முதலில் பார்க்கும்.

பார்த்தது!

'அட கடவுளே... இதை எப்படி விட்டாங்க!'

மெல்ல மேஜைக்கு அடியில் கையை விட்டு, தம்பி வாரா வாரம் தட்டுவதாகச் சொல்லும் ஒரு சுவிட்சைத் தட்டினாள். கப்பலின் மூக்கில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

"அட, விளக்கெல்லாம் எரியுதே!" என்றார். குரலில் ஒரு குழைவு.

"சார், இது என் தம்பி வேலை இல்ல! நாற்காலி மூக்கைப் பார்த்து நிக்குது, பாருங்க."

"அதனால?"

"வயிற்றுக் கட்சிக்காரன் அப்படி வைக்கவே மாட்டான். என்ஜின் வால்ல இருக்கிறதால, கப்பல் வேகம் குறையணும்னா உடம்பைத் திருப்பி, வாலை முன்னாடி நீட்டிக்கிட்டுத்தான் போகணுமாம். எந்தக் கிரகத்துக்குப் போனாலும் வால்தான் முதல்ல போய்ச் சேருமாம். அதனால கேப்டன் வால் பக்கம் பார்த்துத்தான் உக்காரணும். இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு சார்! அவன் வச்சிருந்தா இப்படி வச்சிருப்பான்."

விரலால் நாற்காலியை வால் பக்கம் திருப்பினாள்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"நல்லாத்தான் இருக்கு கதை. கொலை பண்ற பதட்டத்துல மூக்கு எது வால் எதுன்னு எவன் பார்ப்பான்? ஜட்ஜ் கேட்டா சிரிப்பாரும்மா..."

பேசிக்கொண்டே கையை நீட்டினார். ஆள்காட்டி விரலால் நாற்காலியை மறுபடியும் மூக்கைப் பார்க்கத் திருப்பினார். பார்க்காமலே... பழகிய கை மாதிரி!



"சார்... அதை ஏன் திருப்புனீங்க?"

"எதை?"

"நாற்காலியை."

இன்ஸ்பெக்டர் தன் விரலைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.



பிறகு நிதானமாகப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"ரெண்டாவது தடவை..." என்றார் அதே மெல்லிய குரலில். "நேத்தும் இப்படித்தான். எல்லாம் முடிஞ்சு கிளம்புறேன். பழி உங்க தம்பி மேல விழணுமேன்னு நாற்காலியை வயித்துலேயே விட்டேன், ஆனா அது வாலைப் பார்த்து நின்னது கண்ணை உறுத்துச்சு. திருப்பிட்டுத்தான் போனேன். மனசு கேக்கலம்மா!"

"நீங்க... நீங்களும் இந்த..."

"மூக்குக் கட்சி! பேர் சொல்லாம, இணையத்துல இருபது வருஷமா. சின்ன வயசுல எங்கப்பா ஓடிப் போயிட்டாரு. அந்த டி.வி. பெட்டியில கேப்டன் மட்டும்தான் எனக்கு இருந்தாரு. மூக்குல உக்கார்ந்து, எதிரியை நேருக்கு நேரா பார்த்து... நேத்து முதல் தடவையா கப்பலைப் பார்க்க ஆசையா வந்தேன். இந்த சிற்பி என்ன சொல்றான் தெரியுமா? 'உக்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன் சார், வயிறுதான் சரி. என் சிநேகிதனைக் கூப்பிட்டு ஒத்துக்கப் போறேன்'னான். என் கண் முன்னாடியே நாற்காலியைப் பிடுங்கி, வயித்துல, வாலைப் பார்க்க வச்சான்!"

மெல்லிய குரல் முதன்முறையாக உடைந்தது.

"கேப்டன் புறமுதுகு காட்டமாட்டாரு!!"

அக்காவின் கண்கள் நிறைந்தன. சிற்பி காட்ட ஆசைப்பட்டது அதுதானா! பயத்தையும் மீறிக்கொண்டு ஆத்திரம் வந்தது.

"அடப்பாவி! ஒரு பொம்மை நாற்காலிக்காக ஒரு உயிரை எடுத்து, என் தம்பி தலையில போட்டுட்டியே!"

"ஷ்ஷ்..." அவர் ஜன்னலைத் திறந்தார். கீழே, ரொம்பக் கீழே, சிமென்ட் தரை. "தம்பி ஜெயிலுக்குப் போற துக்கம். அக்கா தாங்கல. நான் தடுக்கப் போறதுக்குள்ள குதிச்சுட்டா... வாங்கம்மா. கஷ்டப்படுத்தாம வாங்க."

நெருங்கினார். அக்கா மேஜையைச் சுற்றி ஓடினாள். அவர் கை அவள் தோளைப் பற்றியது. ஜன்னல் விளிம்பு இடுப்பில் இடித்தது...

அப்போது...

"கேப்டன் புறமுதுகு காட்டமாட்டாரு!!"

இன்ஸ்பெக்டரின் குரல்! ஆனால் இன்ஸ்பெக்டர் வாய் திறக்கவில்லை. குரல் வந்தது மூடிய கதவுக்கு வெளியிலிருந்து!

அவர் கை தளர்ந்தது.

"யா... யாரு?"

"நீங்கதான் சார்!" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "மூக்குல எரியுதே சிவப்பு விளக்கு, அது அழகுக்கு இல்ல. உள்ள மைக் இருக்கு, நேரடி விவாதம் ஓடுதுன்னு அர்த்தம். நாற்காலி எந்தப் பக்கம் பார்க்கணும்னு உலகத்துல இருக்கிற வயிற்றுக் கட்சிக்காரங்களைச் சாட்சி சொல்ல வைக்கத்தான் போட்டுவிட்டேன். உங்க வாக்குமூலம் கிடைக்கும்னு சத்தியமா நினைக்கல! வெளியில பல் டாக்டர் போன்ல கொஞ்சம் லேட்டா கேக்குது, அவ்வளவுதான்!"

தடால்!

கதவு பெயர்ந்து விழுந்தது. முதலில் கான்ஸ்டபிள். பின்னால் போனும் கையுமாகப் பல் டாக்டர்.

கான்ஸ்டபிள் பழக்கதோஷத்தில் ஒரு சல்யூட் அடித்தார். பிறகு விலங்கை எடுத்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார். கையை நீட்டுங்க!"

இன்ஸ்பெக்டர் எதிர்க்கவில்லை. வெளியே போகும்வரை அவர் கண் அந்தக் குட்டி நாற்காலி மேலேயே இருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துப் பல் டாக்டர் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினார்.

"நாலாயிரம் பேரும் கேட்டுட்டாங்கம்மா. செய்தி வந்து குவியுது. உங்களைத்தான் கேக்குறாங்க."

பாவம், பதறிப் போயிருப்பார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் செய்தியைப் படித்தாள்.

'எல்லாம் சரி மேடம்... இப்போ நாற்காலி எந்தப் பக்கம் பார்த்து நிக்குது?'

அடுத்ததும் அதேதான். அதற்கடுத்து ஒருவன், 'மூக்குதான் சரி, கொலைகாரன் சொன்னாலும் நியாயம் நியாயம்தான்!' என்று ஆரம்பித்திருந்தான்.

அக்கா எழுந்தாள். நாற்காலியை வால் பக்கம் திருப்பினாள். மைக்கின் பக்கம் குனிந்தாள்.

"வாலைப் பார்த்து நிக்குது! ஒத்துக்காதவங்க நேரா ஸ்டேஷனுக்கு வாங்க... அங்கேயும் ஒரு நாற்காலி இப்பதான் காலியாச்சு!"